சிரஸ்தார் படுத்த கட்டில்

கலெக்டர் துரையின் முகாம் வருகிறது என்று சேதி வந்தால் இராஜபாளையத்தில் முதலில் காணாமல் போவது வண்டிகளின் கடையாணிதான். கடையாணி இல்லாத வண்டியை எந்தச் சேவகனாலும் ஓட்டிப் போக முடியாது. அடுத்துக் கோழிகள் காணாமல் போகும். அதற்கும் அடுத்தபடியாக, ஊரில் உள்ள நல்ல கட்டில்கள் எல்லாம் ஒரே நாளில் நோய் கண்டுவிடும். ஒன்றுக்குக் கால் ஆடும், ஒன்றில் மூட்டைப்பூச்சி, இன்னொன்றில் படுத்தவர்களுக்குக் கெட்ட கனவு.

துரை என்னவோ ஒருவர்தான் வருவார். அவர் படுக்க மடக்குக் கட்டிலும் உட்கார நாற்காலியும் அவரோடேயே வந்துவிடும். அவருக்குப் பின்னால் வருகிற சிரஸ்தார், குமாஸ்தா, தபேதார், டவாலி கூட்டம்தான் வெறுங்கையோடு வருவதைக் கௌரவமாக நினைத்திருந்தது. பாய் வேண்டும், ஜமுக்காளம் வேண்டும், அண்டா வேண்டும், விளக்கு வேண்டும். யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போய் எடுத்துக்கொள்வார்கள். "சர்க்கார் காரியம்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டால் திருட்டு இல்லையாம். முகாம் முடிந்ததும் எல்லாம் திரும்பி வரும் என்றும் சொல்வார்கள். போன முகாமில் போன குத்துவிளக்கு ஒன்று, தண்டு மட்டும் திரும்பி வந்தது.

சார்வரி வருஷம் மாசி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குத் தெற்கே இருந்த தோப்பில் முகாம் விழுந்தது. சாமான் பிடிக்க ஏழு மைல் தள்ளியிருந்த இராஜபாளையத்துக்கும் ஆள் வந்தார்கள்.

அப்போது நூர்னிசாவுக்கு முப்பத்தாறு வயது. பதினாலில் கல்யாணம், இருபத்திரண்டில் கைம்பெண். புருஷன் தையல்காரர். அவர் போன பிறகு அண்ணன் பிச்சை முகம்மதுவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறையும் ஒரு கொட்டகையுமாக இருந்தாள். பிச்சை முகம்மது பாயும் கயிறும் விற்கிறவர். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும், எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். தங்கையின் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களின் பட்டியல், தேதியோடு, அவர் பெட்டியில் இன்னும் இருந்தது.

நூர்னிசா செய்த வேலையை அந்தத் தெருவில் வேறு யாரும் செய்ய முன்வரவில்லை. முஸ்லிம் தெருவில் ஒரு பெண் இறந்தால் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி அனுப்புவது அவள்தான். பள்ளிவாசல் சின்னது, சாமான் வைக்க அறை கிடையாது. அதனால் ஆண், பெண் எல்லா மையித்துக்கும் பொதுவான கட்டிலும் அண்டாவும் செம்பும் அவள் கொட்டகையில்தான் இருந்தன. கட்டில் வேங்கைப் பலகை. தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டும் என்று தலைமாட்டை இரண்டு விரற்கடை உயர்த்தி, கால்மாட்டில் ஒரு துவாரம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே எடுப்பாள். அந்தத் தெருவில் சோறு பொங்குகிற பானைகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

தெரு அவளை மதித்தது. மதித்தது என்றால், எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டது. சாவு வீட்டில் அவளைத்தான் முதலில் தேடுவார்கள்; கல்யாண வீட்டில் அவளைக் கடைசிப் பந்தியில், சுவரோரமாக உட்காரவைப்பார்கள். அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கேட்டால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். அந்தத் தெருவில் எல்லோரும் எப்போதும் இப்போதுதான் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

குடித்த ஒரே ஆள் சம்சாத் பேகம். துணிக்கடை அகமது கபீரின் தாயார். அந்தச் செம்பு அண்டாவையே, தன் புருஷன் இறந்த வருஷம், தெருவுக்கென்று வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் மண்பானையில் வெந்நீர் போட்டுப் பானை வெடித்து, ஒரு மையித்தைப் பாதியில் நிறுத்திவைத்த கதை உண்டு. மாசி பிறந்தபோது சம்சாத் பேகம் படுத்த படுக்கையாக இருந்தார். நாள் எண்ணுகிற நிலை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

"நூரு, என்னைய நீதான் குளிப்பாட்டணும். அந்த அண்டாவுலதான் தண்ணி போடணும்" என்றார் ஒரு நாள்.

"ஏன் பெரியம்மா இப்படிப் பேசுறீக?"

"வேற எதைப் பேசச் சொல்லுத? தண்ணியைச் செத்த கூடவே சூடு வையி. எனக்குக் குளிரு ஆகாது, தெரியுமில்ல."

நூர்னிசா சரி என்றாள்.

மாசி நாலாம் தேதி காலையில் தபேதார் பொன்னுராஜ் இரண்டு சேவகர்களோடு தெருவுக்குள் வந்தார். இடுப்பில் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. அந்த வில்லையை எடுத்துவிட்டால் அவருக்கு யாரும் ஒரு வெற்றிலைகூடக் கொடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். அதனால் அடிக்கொரு தரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். முதலில் போனது அகமது கபீர் வீட்டுக்கு. அங்கே இழைத்த தேக்குக் கட்டில் ஒன்று இருந்தது. கபீரின் கல்யாணத்துக்கு மாமனார் செய்து கொடுத்தது. உள்ளே போனவர்கள் செத்த நேரத்தில் கட்டில் இல்லாமல் வெளியே வந்தார்கள். நேரே நூர்னிசாவின் கொட்டகைக்கு நடந்தார்கள்.

"உள்ள என்ன கெடக்கு?" என்றார் தபேதார்.

"மையித்துக் கட்டிலுங்க. செத்தவங்களைக் குளிப்பாட்டுறது."

தபேதார் சேவகர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "விடிஞ்சதுலேர்ந்து பதினோரு வீடு பார்த்தாச்சு. ஒருத்தி மூட்டைப்பூச்சின்னா. ஒருத்தி பேய் புடிச்ச கட்டில்னா. இவ ஒருத்திதான் நேரா பொணத்துக்கே போயிட்டா. கெட்டிக்காரிதான்!"

"பொய் இல்லீங்க. தெருவுல யாரை வேணுமின்னாலும் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் வாரேன். கபீர் ராவுத்தரே சொல்லிட்டாரு, நல்ல உறுதியான கட்டில், செம்பு அண்டா எல்லாம் ஒன் கொட்டகையில தூங்குதுன்னு. ஏலே, பாரு, தலைப்பக்கம் ஒசரம் வச்சுல்ல செஞ்சிருக்கான்! தலகாணியே வேண்டாம். கீழ காத்துப் போறதுக்கு ஓட்டை வேற."

நூர்னிசா தெருவைப் பார்த்தாள். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் அது என்ன கட்டில் என்று தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. திறந்தால், "அப்ப ஒன் வீட்டுக் கட்டிலைக் கொடு" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அகமது கபீர் தன் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசி மாத வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில் பிச்சை முகம்மது காகிதமும் பேனாவும் மைக்கூடுமாக வந்தார்.

"ஐயா, கொண்டு போங்க. நாம தடுக்க முடியுமா? ஒரு ரசீது மட்டும் போட்டுக் கொடுத்துருங்க."

"ரசீதா? சர்க்கார்கிட்டயே ரசீதா?"

"சர்க்காருன்னாத்தான் ரசீது. திருடங்கிட்ட யாரு கேக்கப் போறா?"

தபேதாருக்கு அந்தப் பதில் பாராட்டா வசையா என்று விளங்கவில்லை. பிச்சை முகம்மது நிதானமாக எழுதினார். எட்டு வரி. ஒவ்வொரு வரியையும் மணல் தூவி உலர்த்தினார். தபேதாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனால் படிக்கிற மாதிரி காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, புருவத்தை நெரித்து, இரண்டு தரம் தலையாட்டிவிட்டு, வால் நீண்ட கையெழுத்து ஒன்றைப் போட்டார். சாமான் போய்விட்டது.

"எழுதி என்னண்ணே செய்யப் போறோம்?" என்றாள் நூர்னிசா.

"எழுதி வைக்கணும். அம்புட்டுத்தான்."

அன்று சாயங்காலம் சம்சாத் பேகம் கேட்டார்: "அண்டா இருக்கா, நூரு?"

"இருக்கு பெரியம்மா." பெற்ற மகனே வழி காட்டிக் கொடுத்தான் என்று அந்த நிலையில் எப்படிச் சொல்வது?

ஏழாம் தேதி விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிகிற நேரத்தில் சம்சாத் பேகம் கண்ணை மூடிவிட்டார். அரை நாழிகைக்குள் அகமது கபீர் நூர்னிசாவின் கொட்டகை வாசலில் நின்றார்.

"நூர்னிசா, கட்டிலை எடுத்து வைக்கச் சொல்லு."

"எந்தக் கட்டிலை?"

அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். மூன்று நாளாக அங்கே கட்டில் இல்லை என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"வேற ஏதாச்சும்..." என்றார்.

"உங்க வீட்டுலதான் தேக்குக் கட்டில் கெடக்கே கபீரண்ணே. உம்மாவை அதுலயே குளிப்பாட்டிடட்டுமா?"

அகமது கபீர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனக்கணக்கு முகத்தில் தெரிந்தது. மையித்தைக் குளிப்பாட்டிய கட்டிலில் அப்புறம் யார் படுப்பது?

"நான் போய் எடுத்துட்டு வாரேன். அவிய கேட்டது அந்த அண்டாதான். நீங்களும் வாங்க."

"நானா? இங்க வாரவங்களை விசாரிக்கணுமே..."

"விசாரிங்க" என்றாள் நூர்னிசா. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். அண்ணன் பெட்டியைத் திறந்து ரசீதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினார். வண்டிகளையெல்லாம் முகாமுக்குப் பிடித்தாகிவிட்டது. தப்பித்த வண்டிகளின் கடையாணிகள் எந்தக் குப்பைக்குழியில் கிடந்தனவோ. ஏழு மைலையும் நடந்தே போனார்கள். அந்தித் தொழுகையான மக்ரிபுக்குள் அடக்கம் நடக்க வேண்டும். நூர்னிசா வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

தோப்பில் ஒரு புளியமரத்தடியில் இருபது பேர் போலச் சாமான் கேட்டுக் காத்திருந்தார்கள். கோயிலுக்குத் துளசி கொடுக்கிற வீட்டுக்காரி பத்மாசனி இரண்டு நாளாக ஒரு ஜமுக்காளத்துக்காக உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீக தாயி?" என்று கேட்டாள் அவள்.

"கட்டிலுக்கு."

"நாளைக்கு வான்னு சொல்வாக. நானும் நேத்து நாளைக்குத்தான் வந்தேன். இன்னைக்கும் நாளைக்காம்."

எதிரே பெரிய கூடாரம் துரையுடையது. பக்கத்தில் சின்னக் கூடாரம். அதன் முன்னால் மேஜை போட்டு சிரஸ்தார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கூடாரத்துக்குள் நூர்னிசாவின் கட்டில் தெரிந்தது. அதன்மேல் மெத்தை. மெத்தைமேல் சிரஸ்தாரின் தலைப்பாகை, ஒரு பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

சிரஸ்தார் குமாஸ்தாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ராஜு வீட்டுக் கட்டில்னா சும்மாவா ஓய்? தலைப்பக்கம் என்ன ஒரு வாட்டம்! ஆறு மாசமா இருந்த முதுகுவலி, மூணே நாள்ல போன இடம் தெரியலை. திரும்பிப் போறப்ப இதை இங்கேயே விட்டுடப்படாது."

இராஜபாளையத்துப் பெரிய மனிதரான ராஜு ஒருவர் வீட்டிலிருந்து கெஞ்சி வாங்கி வந்ததாகத் தபேதார் சொல்லியிருந்தார். வெறும் கொட்டகைக் கட்டில் என்றால் சிரஸ்தார் முகம் சுளிப்பார் அல்லவா?

நூர்னிசா மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "ஐயா, கட்டிலும் அண்டாவும் செம்பும் இன்னைக்கே வேணும்."

"முகாம் முடிஞ்சதும் எல்லாம் திரும்பி வரும். மனு எழுதிக் கொடுத்துட்டுப் போ."

"முகாம் முடியுற வரைக்கும் மையித்து காத்திருக்காதுங்க."

"எது?"

பிச்சை முகம்மது ரசீதை நீட்டினார். சிரஸ்தாருக்கு எந்தக் காகிதத்தையும் உரக்கப் படிக்கிற வழக்கம் உண்டு. தன் குரல் அவருக்குப் பிடிக்கும். புளியமரத்தடிக் கூட்டமும் கேட்கட்டும் என்று கணீரென்று ஆரம்பித்தார்.

"சார்வரி வருஷம் மாசி மாதம் நாலாந் தேதி, இராஜபாளையம் பள்ளிவாசலுக்குப் பாத்தியமான, மையித்துகள் என்கிற இறந்துபோன மனுஷர்களைக் கிடத்திக் குளிப்பாட்டுகிற..."

குரல் அங்கே இறங்கியது. மீதியை அவர் உதடு மட்டும் படித்தது. 'வேங்கைப் பலகைக் கட்டில் ஒன்று. தலைமாடு இரண்டு விரற்கடை உயரம். கால்மாட்டில் மேற்படி நீர் வடிகிற துவாரம் ஒன்று. மேற்படி மையித்துகளுக்கு வெந்நீர் போடுகிற செம்பு அண்டா ஒன்று, வளையம் நாலு, அதில் ஒன்று தேய்ந்தது. மேற்படி மையித்துகள்மேல் நீர் ஊற்றுகிற செம்பு ஒன்று. சர்க்கார் காரியத்துக்காகப் பெற்றுக்கொண்டேன்.' கீழே தபேதாரின் வால் நீண்ட கையெழுத்து.

சிரஸ்தார் மெதுவாகத் திரும்பிக் கூடாரத்துக்குள் பார்த்தார். அப்புறம் தன் தோளைப் பார்த்தார், முதுகில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

"ஓய் பொன்னுராஜ்! ராஜு வீடுன்னீரே!"

"எசமான்... இந்தப் பொம்பளை அப்பவே சொல்லிச்சு... எல்லாரும் சொல்ற பொய்யுன்னு நெனச்சுட்டேன்..."

"அம்மா," என்றார் சிரஸ்தார், திடீரென்று மரியாதை வந்தவராக, "இதுல... எத்தனை பேரை...?"

தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் நூர்னிசாவுக்கு இல்லை. "நான் பொறுப்பெடுத்த பொறவு நூத்தி நாப்பத்தி மூணு. வாந்திபேதி வந்த வருஷம் மட்டும் முப்பத்தி ஒண்ணு. அதுக்கு முந்தி எம்புட்டுப் பேருன்னு தெரியாதுங்க."

"மெதுவாப் பேசுமா! துரை உள்ளே இருக்கார்!"

குமாஸ்தா குனிந்து அவர் காதில் சொன்னது நாலு பேருக்குக் கேட்டது. "துரை மூணு நாளா அந்த அண்டாவுலதான் குளிக்கிறார்."

புளியமரத்தடியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பத்மாசனி எழுந்தாள். "ஐயா! எங்க ஜமுக்காளமும் அப்படித்தான்! எங்க மாமனாரைக் கெடத்துனது!"

"எங்க விசுப்பலகையும்தான் சாமி! எங்க அத்தை அதுலதான் உசிரை விட்டா!"

"எங்க அரிக்கேன் விளக்கு, தலைமாட்டுல வச்சது!"

அந்தத் தோப்பில் இருந்த அத்தனை சாமானுக்கும் ஒரு பிணம் கிடைத்துவிட்டது. ஒருத்தன் தன் கோழிக்கூடைக்குக்கூட ஒரு பாட்டியைச் சொன்னான். பெரிய கூடாரத்தின் திரை விலகி, பாதிச் சவரம் செய்த முகத்தோடு துரை எட்டிப் பார்த்து, "என்னா சத்தம்?" என்றார்.

"ஜனங்கள் துரையவர்களுக்குச் சலாம் சொல்ல வந்திருக்கிறார்கள்!" என்றார் சிரஸ்தார்.

இருபது பேரும் ஒரே சமயத்தில் கும்பிட்டார்கள். துரை திருப்தியாக உள்ளே போனார்.

"கொடுத்துத் தொலையுங்கள். எல்லாத்தையும்" என்றார் சிரஸ்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. உண்மை சொன்னவளிடம் பிடுங்கினார்கள். பொய் சொன்னவர்களுக்கெல்லாம் தேடிப்பிடித்துக் கொடுத்தார்கள். சர்க்கார் நம்பிக்கை அப்படி. மெத்தையைச் சேவகன் ஒருவன் கழியால் தள்ளினான். சிரஸ்தார் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் வேகமாகப் போனார்.

வண்டிக்காரர்கள் கட்டிலைத் தொட மறுத்துவிட்டார்கள். ஒருவன் மாட்டுக்கு அந்த நிமிஷத்தில் கால் நொண்டியது.

"எடுத்துட்டு வந்தவங்களே கொண்டாந்து எறக்கட்டும்" என்றாள் நூர்னிசா.

ஏழு மைல். கட்டிலைச் சேவகர்கள் இருவரும் தலையில் சுமந்தார்கள். அண்டாவைத் தபேதார் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். அது அவர் தோள்வரை இறங்கிவிட்டது. எதிரே வந்தவர்களுக்குப் பித்தளை வில்லையும் இரண்டு காலும்தான் தெரிந்தன. அண்டாவுக்குள்ளிருந்து, "தண்ணி கெடைக்குமா?" என்று ஒரு குரல் அவ்வப்போது வந்தது. பிச்சை முகம்மது வழிநெடுகப் பக்கத்திலேயே நடந்து, "வளையம் பத்திரம், வளையம் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெருவில் சாமானை இறக்கினபோது ஒவ்வொன்றையும் ரசீதோடு ஒத்துப்பார்த்து, அப்புறம்தான் சேவகர்களைப் போகச் சொன்னார்.

பொழுது சாய இன்னும் மூன்று நாழிகை இருந்தது. நூர்னிசா கட்டிலைத் தேய்த்துக் கழுவினாள். வழக்கமாக ஒரு தடவை. அன்று மூன்று தடவை. "சிரஸ்தார் படுத்துக் கெடந்தாருல்ல" என்றாள். அண்டாவில் தண்ணீர் காய்ந்ததும் முழங்கையை விட்டுப் பார்த்தாள். போதுமான சூடு இருந்தது. இன்னும் ஒரு கட்டு முள் விறகை அடுப்பில் தள்ளி, செத்த நேரம் பொறுத்துத்தான் இறக்கினாள். சம்சாத் பேகத்தை மக்ரிபுக்கு முன்னால் அடக்கினார்கள்.

அகமது கபீரைப் பற்றி அவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் தெருவும் இல்லை. அவர் காரியம் தெரிந்துதானே எல்லோரும் வாய் மூடி நின்றார்கள்?

அடுத்த மாசியில் மறுபடி முகாம் என்று சேதி வந்தது. தபேதார் வந்தார், தெருமுனையிலேயே நின்று, நூர்னிசாவின் கொட்டகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமே வராமல் போய்விட்டார். சேதி தெரு முழுக்கப் பரவ வெகுநேரம் ஆகவில்லை. மத்தியானத்துக்குள் பாயும் ஜமுக்காளமும் குத்துவிளக்குமாக அவள் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. பிச்சை முகம்மது முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் எழுதி உள்ளே அனுப்பினார்.

கடைசியில் தேக்குக் கட்டிலை நாலு ஆள் தூக்கிவர, அகமது கபீர் வந்தார். உள்ளே இடமே இல்லை. மையித்துக் கட்டில் மட்டும் காலியாக இருந்தது.

"அது மேல வையுங்க. வேற எடம் இல்லை" என்றாள் நூர்னிசா.

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். தெருமுனையில் சிவப்புப் பட்டை ஒன்று தெரிந்தது. "வைங்கடா" என்றார்.

வெயிலில் நின்றதில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நூர்னிசா ஒரு லோட்டாவில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். அவர் வாய் பழக்கத்தில், "இப்பத்தான்..." என்று ஆரம்பித்தது.

"இல்லை, நீங்க குடிக்கலை. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

அகமது கபீர் லோட்டாவை வாங்கினார். சாமானை ஒப்படைத்துவிட்டு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிச்சை முகம்மது பட்டியலில் தேக்குக் கட்டில் ஒன்று என்று எழுதி, மணல் தூவினார்.